சீழ் வடியும் வயிற்றுக்கு விலங்குத் தோல் வலையா?

கேள்வி: என் உம்மாவுக்கு வயது 56. நான்கு வருடத்துக்கு முன் குடலில் ஓட்டை விழுந்து, அவசரமாக வயிற்றைத் திறந்து ஆபரேஷன் செய்தார்கள். அடுத்த வருடமே தழும்பை ஒட்டி வயிறு தள்ளிக்கொண்டு வந்தது. ஹெர்னியா என்று சொல்லி வலை வைத்துத் தைத்தார்கள். ஆறு மாதம்கூட ஆகவில்லை, தொப்புளுக்குக் கீழே சின்னத் துளை விழுந்து சீழ் கசிய ஆரம்பித்தது. மாத்திரை சாப்பிட்டால் நிற்கிறது, விட்டால் மறுபடி வருகிறது. இப்போது வீக்கமும் திரும்பிவிட்டது. சிடி ஸ்கேனில் ஓட்டையின் அகலம் 9 செ.மீ. என்று இருக்கிறது. சர்க்கரை 14 வருடமாக உண்டு. மூன்று மாத சராசரி 9.4. உயரம் 152 செ.மீ., எடை 82 கிலோ. பழைய வலையை எடுத்துவிட்டு அதே ஆபரேஷனில் மிருகத் தோலில் செய்த வலையை வைக்கலாம், அது நம் சதையாகவே மாறிவிடும், சீழ் பிடிக்காது என்கிறார்கள். வலைக்கு மட்டும் நான்கு லட்சம். அண்ணன் நகையை விற்கலாம் என்கிறார். அது பன்றித் தோல் என்று யாரோ சொன்னதிலிருந்து உம்மா சாப்பாட்டையே குறைத்துவிட்டார். நாங்கள் என்ன செய்வது?
– வாசகி, பரங்கிப்பேட்டை

பதில்: நகையை இப்போது விற்காதீர்கள். நீங்கள் எழுதியிருப்பதை வைத்துப் பார்த்தால், உங்கள் உம்மாவுக்கு அந்த விலையுயர்ந்த வலை தேவைப்படாமலே போக நல்ல வாய்ப்பு இருக்கிறது. தேவைப்பட்டாலும் இந்த மாதமே முடிவெடுக்க வேண்டிய அவசரம் இல்லை. மூன்று நான்கு மாதம் கையில் இருக்கிறது. அந்த மாதங்களில் செய்ய வேண்டிய வேலைதான் அதிகம்.

ஒரு விதிவிலக்கு மட்டும் உண்டு. வீக்கம் திடீரென்று கல்லாக இறுகி, படுத்தாலும் உள்ளே போகாமல், தொட்டால் வலித்து, கூடவே வாந்தியும் வந்து, காற்றுப் பிரிவதும் நின்றுவிட்டால் குடல் சிக்கிக்கொண்டது என்று பொருள். மேல்தோல் சிவந்து கன்றினால் இன்னும் அவசரம். அப்போது வாய்வழியாகத் தண்ணீர்கூடக் கொடுக்காமல் உடனே சிதம்பரத்துக்கோ கடலூருக்கோ அழைத்துப் போங்கள். விடியட்டும் என்று காத்திருக்கக் கூடாது. வீக்கத்தை நீங்களே அழுத்தி உள்ளே தள்ளவும் முயல வேண்டாம். துளையிலிருந்து சீழுக்குப் பதிலாக மஞ்சள் பச்சையாக, நாற்றத்தோடு நீர் வந்தாலும் அது குடலோடு தொடர்பு ஏற்பட்டதன் அடையாளம். அன்றே காட்ட வேண்டும்.

இனி அந்த வலை என்ன பொருள் என்பதற்கு வருகிறேன். பன்றியின் தோல், பன்றியின் சிறுகுடல் உள்ளடுக்கு, மாட்டின் இதய உறை, மாட்டுக் கருவின் தோல் ஆகியவற்றிலிருந்து இவற்றைச் செய்கிறார்கள். தோல் என்றால் மேல்தோலையும் அடிக்கொழுப்பையும் சீவி நீக்கிவிட்டு, நடுவில் உள்ள கெட்டியான படலத்தை மட்டும் எடுப்பார்கள். அதை உப்புக் கரைசல்களில் மாற்றி மாற்றி ஊற வைத்துச் செல்களை வெடிக்கச் செய்து, சோப்பு போன்ற வேதிப்பொருள்களால் கரைத்து, மிஞ்சிய டிஎன்ஏவை நொதி விட்டுத் துண்டாக்கி, பலமுறை அலசுவார்கள். பிறகு வைரஸை அழிக்கும் கட்டம். கடைசியில் கதிர்வீச்சாலோ வாயுவாலோ கிருமி நீக்கம். பீர்க்கங்காய் முற்றிக் காய்ந்து சதையெல்லாம் போனபின் கூடு மட்டும் நிற்கிறதே, அதுபோல் செல் போய்க் கொலாஜன் நார்களின் பின்னல் மட்டும் நிற்கும். செல் நீக்கம் போதுமான அளவு நடந்ததா என்பதற்குத் துறையில் பரவலாக ஏற்கப்பட்ட அளவுகோல் ஒன்று உண்டு. உலர்ந்த திசுவில் 1 மில்லிகிராமுக்கு 50 நானோகிராமுக்கும் குறைவான டிஎன்ஏதான் இருக்க வேண்டும்; அதுவும் 200 கார இணைகளுக்கும் (டிஎன்ஏ ஏணியின் படிகளுக்கும்) குறைவான நீளமுள்ள துண்டுகளாக இருக்க வேண்டும். இதைவிட அதிகம் மிஞ்சினால் உடல் அதை அந்நியப் பொருளாகக் கண்டு அழற்சியைக் கிளப்பும். அளவு மீறி அலசினாலும் கெடுதல்: நார்கள் வலுவிழக்கும், சோப்பின் மிச்சம் உள்ளே தங்கி எரிச்சல் தரும். பன்றிக்கும் மாட்டுக்கும் செல்களின் மேல் ஒரு சர்க்கரை மூலக்கூறு இருக்கிறது, மனிதருக்குக் கிடையாது. அதற்கு எதிரான எதிர்ப்பொருள் நம் எல்லோர் ரத்தத்திலும் இருப்பதால், சில தயாரிப்பாளர்கள் அதையும் நொதியால் வெட்டி எடுத்துவிடுகிறார்கள்.

'நம் சதையாகவே மாறும்' என்று சொன்னதில் பாதி உண்மை இருக்கிறது. நல்ல ரத்த ஓட்டம் உள்ள தசைக்கு நடுவே, சீழ் இல்லாத இடத்தில் வைத்தால், சில வாரங்களில் அந்தப் பின்னலுக்குள் புது ரத்தக்குழாய்கள் நுழையும். நம் செல்கள் குடியேறும். பழைய கொலாஜனைச் சிறிது சிறிதாகக் கரைத்துப் புதுக் கொலாஜனை இழைக்கும். கரைவது முந்தினால் சுவர் இளகும். இழைப்பது முந்தினால் சுவர் நிற்கும். எல்லாம் அந்த இரண்டுக்கும் நடுவிலான போட்டிதான். கரைவதைத் தாமதப்படுத்த, சில வகை வலைகளில் நார்களை வேதிப்பொருளால் ஒன்றோடொன்று பிணைத்துவிடுவார்கள். அப்படிப் பிணைத்தால் அதிக நாள் தாங்கும். ஆனால் செல்கள் எளிதில் உள்ளே நுழைய முடியாமல், உடல் அதைச் சுற்றி ஓர் உறை கட்டி ஒதுக்கிவிடும். கிருமி புகுந்துவிட்டால் அது பிளாஸ்டிக் வலை போலவே அந்நியப் பொருளாகக் கிடக்கும்.

'சீழ் பிடிக்காது' என்று சொன்னதை நான் ஏற்கவில்லை. கொலாஜன் ஒரு புரதம். சீழில் இருக்கும் வெள்ளை அணுக்கள் புரதத்தைக் கரைக்கும் நொதிகளைக் கக்குகின்றன; பல கிருமிகளும் அவ்வாறே செய்கின்றன. ஆகவே சீழ் நிற்கிற குழியில் இந்த வலையை வைத்தால் அது கரைந்து போகும். கரைந்து போவதால் மறுபடி கீறி அதை எடுக்க வேண்டிய தேவை பெரும்பாலும் வராது. அது ஒரு நன்மைதான், மறுக்கவில்லை. ஆனால் கரைந்த இடத்தில் ஹெர்னியா திரும்பி வரும். கிருமி உள்ள வயிற்றுக்கு இதுவே பாதுகாப்பு என்று பத்துப் பதினைந்து வருடம் அறுவை மருத்துவ உலகம் நம்பியதற்கு, ஒப்பிட்டுப் பார்த்த ஆய்வு எதுவும் அப்போது கையில் இல்லாததே காரணம்.

இப்போது கையில் இருக்கிறது. 2012இல் வெளியான ஓர் ஆய்வில், கிருமி கலந்த வயிற்று ஹெர்னியா உள்ள 80 பேருக்குப் பன்றித் தோல் வலை வைத்துப் பார்த்தார்கள். இரண்டு வருடத்தில் 28 சதவீதம் பேருக்கு ஹெர்னியா திரும்பியது. அதில் ஒப்பிட எதிர்க்குழு இல்லை. 2022இல் அமெரிக்காவில் ஐந்து மருத்துவமனைகள் சேர்ந்து வெளியிட்ட ஆய்வுதான் தீர்க்கமானது. குலுக்கல் முறையில் பிரிக்கப்பட்ட 253 பேரில் ஒரு பாதிக்குப் பன்றித் தோல் வலை, மறு பாதிக்குப் பாலிப்ரோப்பிலீன் என்னும் சாதாரண பிளாஸ்டிக் வலை. இரண்டு வருடத்தில் ஹெர்னியா திரும்பியது பன்றித் தோல் வலையில் 20.5 சதவீதம், பாலிப்ரோப்பிலீனில் 5.6 சதவீதம். சீழ், நீர்க்கோர்ப்பு போன்றவற்றுக்காக மறுபடி ஏதாவது செய்ய நேர்ந்ததில் இரண்டு குழுவுக்கும் கணிசமான வித்தியாசம் இல்லை. வலையின் நடுத்தர விலையோ பன்றித் தோலுக்கு 21,539 டாலர், பாலிப்ரோப்பிலீனுக்கு 105 டாலர். 2021இல் வெளியான வேறொரு குலுக்கல் ஆய்விலும் திரும்பி வந்தது விலங்குத் திசுவில் சுமார் 40 சதவீதம், செயற்கை வலையில் சுமார் 22 சதவீதம்.

இந்த எண்களைப் பார்த்ததும் 'அப்படியானால் பழைய வலையை எடுத்த கையோடு பாலிப்ரோப்பிலீனே வைக்கலாமே' என்று தோன்றும். அங்கேதான் நிதானிக்க வேண்டும். அந்த ஐந்து மருத்துவமனை ஆய்வில் சேர்க்கப்பட்டவர்கள் குடலைத் திறந்து தைக்க நேர்ந்தவர்கள் போன்ற, மிதமாகவோ ஓரளவு அதிகமாகவோ மாசுபட்ட காயம் உள்ளவர்கள். சீழ் கட்டி நிற்கும் வயிறு அதில் இல்லை. வலை வைத்த இடமும் முக்கியம்: எல்லாம் பெரிய கண்ணுள்ள வலை, வயிற்றின் நேர்தசைக்கு (நடுக்கோட்டின் இருபுறமும் மேலிருந்து கீழாக ஓடும் தசைக்கு) பின்னால், குடலைத் தொடாத அறையில். உங்கள் உம்மாவுக்கு இப்போது துளையில் சீழ், சர்க்கரை சராசரி 9.4. இந்த நிலையில் எந்த வலையானாலும் ஒரே அமர்வில் வைப்பதை நான் பரிந்துரைக்க மாட்டேன். இரண்டு கட்டமாகச் செய்வதே எனக்குச் சரியாகப் படுகிறது.

முதல் கட்டம் பழைய வலையை எடுப்பது. அதற்கு முன் ஒரு வேலை இருக்கிறது, அதை இந்த வாரமே தொடங்கலாம். சீழை எடுத்துக் கிருமி வளர்ப்புச் சோதனைக்கு அனுப்பச் சொல்லுங்கள். ஆன்டிபயாடிக் நிறுத்தி ஒன்றிரண்டு வாரம் ஆனபின் எடுத்தால்தான் கிருமி சரியாகப் பிடிபடும். காய்ச்சல் இருந்தால் மட்டும் மருத்துவர் சொல்லாமல் நிறுத்தாதீர்கள். துளையின் வாயில் பஞ்சு தொட்டு எடுப்பது போதாது, அதில் தோல் கிருமிதான் வளரும். உள்ளிருந்து ஊசியில் உறிஞ்சியோ, ஆழத்துத் திசுவைக் கிள்ளியோ எடுக்க வேண்டும். சாதாரண வளர்ப்போடு, காசநோய்க் கிருமியின் இனத்தைத் தேடும் ஏஎஃப்பி சாயச் சோதனையையும் அதற்கான தனி வளர்ப்பையும் சேர்த்துக் கேளுங்கள். மாத்திரைக்கு அடங்கி, விட்டால் திரும்பி, மாதக்கணக்கில் கசியும் தழும்புத் துளைகளில் நம் நாட்டில் அடிக்கடி தப்பிவிடுவது காசநோய்க் கிருமியின் உறவுக்காரக் கிருமிகள். தண்ணீரிலும் மண்ணிலும் வாழும் இவை, சரியாகக் கிருமி நீக்கப்படாத கருவிகள் வழியே உள்ளே போகும். இவற்றுக்கு வழக்கமான ஆன்டிபயாடிக் பலிக்காது. வழக்கமான காசநோய் மாத்திரையும் பெரும்பாலும் பலிக்காது. வேறு மருந்துகளை மாதக்கணக்கில் தர வேண்டியிருக்கும். இது தெரியாமல் நான்கு லட்சத்து வலையை வைத்தாலும் அதுவும் சீழில்தான் போய் நிற்கும்.

இரண்டாவதாக, பழைய ஆபரேஷனின் டிஸ்சார்ஜ் சம்மரியைத் தேடுங்கள். அதில் வலையின் ஸ்டிக்கர் ஒட்டியிருந்தால் நல்லது. எந்த வகை வலை, எந்த அடுக்கில் வைத்தார்கள் என்பதைப் பொறுத்து வேலை மாறும். ஒற்றை இழையில் பின்னிய பெரிய கண் பாலிப்ரோப்பிலீன் என்றால், வெள்ளை அணுக்கள் கண்களுக்குள் நுழைந்து கிருமியை விரட்ட முடியும். சீழ் பிடித்த பகுதியை மட்டும் வெட்டி எடுத்து மீதியைக் காப்பாற்றியவர்களும் உண்டு. டெஃப்லான் வகைத் தகடாகவோ, பல இழை முறுக்கிப் பின்னியதாகவோ இருந்தால் இழைகளின் இடுக்கில் கிருமி மட்டும் நுழையும், அதைவிடப் பெரிய வெள்ளை அணு நுழையாது. அதை முழுதாக எடுத்தே ஆக வேண்டும். உங்கள் உம்மா விஷயத்தில் ஹெர்னியாவும் திரும்பியிருப்பதால், பழைய வலை தன் வேலையைச் செய்யவில்லை. என் கருத்து, இழை மிச்சமில்லாமல், பழைய தையல் நூல் முடிச்சுகளோடு சேர்த்து எடுப்பதுதான். ஒரு முடிச்சு தங்கினாலும் அதைச் சுற்றித் துளை மறுபடி திறக்கும். எடுத்தபின் வயிற்றுச் சுவரைக் கூடிய மட்டும் மெதுவாகக் கரையும் நூலால் மூடுவார்கள். மூட முடியாத இடைவெளி இருந்தால், இரண்டு மூன்று மாதத்தில் கரைந்துவிடும் பாலிகிளாக்டின் வலையைத் தற்காலிகமாக வைத்து மேலே தோலை மூடலாம். அது கரைந்தபின் வீக்கம் திரும்பும். அது எதிர்பார்த்ததுதான், தோல்வி இல்லை, பயப்படாதீர்கள்.

புண் முழுதாக ஆறி, கசிவு நின்று, குறைந்தது ஆறு மாதம் போன பிறகு இரண்டாம் கட்டம். அப்போது களம் சுத்தமாக இருக்கும். சுத்தமான களத்தில் நிரந்தர பாலிப்ரோப்பிலீன் வலையே போதும், விலங்குத் திசுவுக்கு அங்கே வேலையே இல்லை. வலையே இல்லாமல் வெறும் தையல் போடலாமா என்றும் சிலர் கேட்பார்கள். 2000இல் நெதர்லாந்தில் வெளியான ஆய்வில் தழும்பு ஹெர்னியாவை வெறும் தையலில் மூடியவர்களில் மூன்று வருடத்தில் 43 சதவீதமும், வலை வைத்தவர்களில் 24 சதவீதமும் திரும்ப வந்தன. அந்த ஆய்வில் 6 செ.மீ.க்கு மேற்பட்ட ஓட்டைகளைச் சேர்க்கவே இல்லை. 9 செ.மீ. ஓட்டைக்கு வெறும் தையல் என்பது நடக்காத காரியம்.

இரண்டாம் கட்டத்தில் வெற்றியைத் தீர்மானிப்பது வலையின் இனம் அல்ல, நடுக்கோட்டில் தசை இரண்டும் சேர்கிறதா என்பதே. உங்களிடம் இருக்கும் சிடி படத்திலேயே இதை ஓரளவு கணிக்கலாம். நேர்தசை இடது வலது இரண்டின் அகலத்தையும் கூட்டுங்கள். அந்தக் கூட்டுத்தொகை ஓட்டையின் அகலத்தைப் போல் இரண்டு மடங்கோ அதற்கு மேலோ இருந்தால், நேர்தசையின் பின்னுறையை மட்டும் விடுவித்துப் பெரும்பாலும் மூடிவிடலாம். உங்கள் உம்மாவுக்கு ஓட்டை 9 செ.மீ.; இரு தசையும் சேர்ந்து 18 செ.மீ. வந்தால் இந்த வழி. குறைந்தால் பக்கவாட்டில் உள்ள குறுக்குத் தசையையும் விடுவிக்க வேண்டிவரும். அது நீண்ட ஆபரேஷன், அனுபவம் உள்ள கை வேண்டும். தசைக்குப் போகும் நரம்புகளை வெட்டிவிட்டால் வயிற்றின் பக்கமே தளர்ந்துவிடும். 'இரண்டு தசையும் நடுவில் சேருமா, அல்லது வலையைப் பாலம் போலப் போடுவீர்களா?' என்று அறுவை மருத்துவரிடம் நேராகவே கேளுங்கள். விலங்குத் திசு வலை மிக மோசமாகத் தோற்பது இந்தப் பாலம் போடும் முறையில்தான். இரண்டு பக்கமும் தசை இல்லாமல் தானே சுவராக நிற்க வேண்டிய நிலையில், இழுவிசையில் அது நீண்டுகொண்டே போகும். ஓட்டை திறக்காவிட்டாலும் வயிறு பானைபோல் முன்னால் தொங்கும். நோயாளிக்கு ஹெர்னியா திரும்பியதற்கும் இதற்கும் வித்தியாசம் தெரியாது.

எங்காவது அந்த வலைதான் சரி என்று முடிவானால், அதைக் கையாளும் விதத்திலும் தவறு நிறைய நடக்கும் என்பதால் சொல்கிறேன். உலர்ந்து வருவதை உப்பு நீரில் மிருதுவாகும் வரை ஊற வைக்க வேண்டும். ஈரமாக வருவதை அதன் காப்புத் திரவம் போக அலச வேண்டும். வயிற்றுச் சுவர் ஓட்டையின் விளிம்பைத் தாண்டி நாலா பக்கமும் 5 செ.மீ. உள்ளே விரிய வேண்டும். பிளாஸ்டிக் வலையைத் தளர்வாக விரிப்பார்கள், ஏனென்றால் அது சுருங்கும். இது நீளும், எனவே இழுத்துச் சுருக்கமில்லாமல் தைக்க வேண்டும். தளர்வாக வைத்தால் அடியில் நீர் தேங்கும். நீர் தேங்கிய இடத்தில் வலை தசையைத் தொடாது. தொடாத இடத்தில் ரத்தக்குழாய் நுழையாது. அங்கே கரைவதுதான் நடக்கும். அதனால்தான் வடிகுழாய் அவசியம். ஒரு நாளுக்கு 30 மி.லி.க்குக் கீழே, அதுவும் தொடர்ந்து இரண்டு நாள் வந்த பிறகே எடுப்பது வழக்கம். வார்டில் இடம் வேண்டும் என்று மூன்றாம் நாளே உருவிவிடுவதை ஏற்காதீர்கள். குழாயோடு வீட்டுக்கு வந்து அளவைக் குறித்துவைக்கலாம்.

விலங்குத் திசுவுக்கு இடமே இல்லையா என்றால், உண்டு, குறுகிய இடம். வயிறு திறந்து கிடக்கும் நிலையில், குடல் வெளியே தெரிய, தோலும் மூடாதபோது, பிளாஸ்டிக் குடலில் உரசித் துளையிடும் என்ற அபாயம் உண்டு. அங்கே இதை ஒரு மூடியாகப் பயன்படுத்தலாம். குடலுக்கும் தோலுக்கும் நடுவே புரை விழுந்து, ஒரே அமர்வில் முடித்தாக வேண்டியவர்களுக்கும் சில மருத்துவர்கள் தேர்வு செய்வார்கள். இவற்றுக்கு நடுவில் மூன்றாவது வகை ஒன்றும் இருக்கிறது: விலங்கு சம்பந்தமே இல்லாமல், ஒரு வருடம் ஒன்றரை வருடத்தில் மெதுவாகக் கரையும் செயற்கை வலை. இதே குடும்பத்தில், இதைவிடச் சீக்கிரம் ஆறு மாதத்தில் கரையும் ஒன்றை மாசுபட்ட வயிற்றில் 104 பேருக்கு வைத்துப் பார்த்ததில் இரண்டு வருடத்தில் 17 சதவீதம் திரும்பியது. விலை அதிகம்தான்.

இனி, உம்மா சாப்பாட்டைக் குறைத்திருக்கும் அந்தக் கேள்வி. சந்தையில் உள்ளவற்றில் நிறைய பன்றியிலிருந்து வருபவை. மாட்டிலிருந்து வருபவையும் உண்டு. பெட்டியின் மேல் 'போர்சைன்' என்று இருந்தால் பன்றி, 'போவைன்' என்றால் மாடு. எந்த விலங்கு என்று கேட்பது உங்கள் உரிமை, ஆபரேஷனுக்கு முன் சொல்லிக் கையெழுத்து வாங்குவது மருத்துவரின் கடமை. மாட்டுத் திசு வேண்டாம் என்னும் இந்துக் குடும்பங்களுக்கும் இதே உரிமை உண்டு. மார்க்கத் தீர்ப்பை உங்கள் ஊர் ஆலிமிடம் கேளுங்கள், அது என் துறை இல்லை. ஆனால் அவர் உங்களிடம் திருப்பிக் கேட்கப்போவது 'உயிர் காக்க இதைவிட்டால் வேறு வழி இல்லையா?' என்பதாகத்தான் இருக்கும். அதற்கு மருத்துவப் பதிலை நான் தருகிறேன்: உங்கள் உம்மாவுக்கு வேறு வழி இருக்கிறது, விலங்குப் பொருள் இல்லாத வழி, இருக்கும் ஆய்வுகளின்படி அதிக நாள் தாங்கும் வழி. இதை இன்று இரவே உம்மாவிடம் சொல்லிவிடுங்கள். அவர் சாப்பிட வேண்டும். புண் ஆறப் புரதம் வேண்டும்.

எவ்வளவு வேண்டும்? அவர் உயரத்துக்கு நாளொன்றுக்கு 70 முதல் 80 கிராம் புரதம் என்று வைத்துக்கொள்ளுங்கள். பதினான்கு வருடச் சர்க்கரை என்பதால் முதலில் கிரியாட்டினின் பார்த்து, சிறுநீரகம் நன்றாக இருக்கிறது என்று உறுதி செய்த பிறகு. ஒரு முட்டையில் 6 கிராம், 100 கிராம் மீனில் ஏறக்குறைய 20 கிராம். உங்கள் ஊரில் மீனுக்குப் பஞ்சமில்லை. பொரிக்காமல் குழம்பாகவோ ஆவியிலோ கொடுங்கள். சோற்றைப் பாதியாக்கி அந்த இடத்தில் மீனும் பருப்பும் வரட்டும். அவருடைய பிஎம்ஐ, அதாவது உயரத்தோடு ஒப்பிட்ட எடைக் கணக்கு, 35.5. ஆறு கிலோ இறங்கினால் 33க்குக் கீழே வந்துவிடும். எடையைக் குறைப்பது அழகுக்காக இல்லை. வயிற்றுக்குள் இருக்கும் கொழுப்பு இறங்கினால்தான் தசை இரண்டும் நடுவில் சேர இடம் கிடைக்கும்.

சர்க்கரையின் மூன்று மாத சராசரி 7.5க்குக் கீழே வர வேண்டும், எப்படியும் 8ஐத் தாண்டக் கூடாது. 9.4இல் இருப்பவருக்கு மாத்திரையோடு இன்சுலினும் சேர்க்க வேண்டிவரலாம். சீழ் இருக்கும்வரை சர்க்கரை எளிதில் அடங்காது என்பதும் உண்மைதான். ஆகவே முதல் கட்டத்துக்கு மட்டும் ஓரளவு இறங்கினால் போதும் என்று மருத்துவர் முடிவு செய்யலாம். இரண்டாம் கட்டத்தில் விட்டுக்கொடுக்க வேண்டாம். நோன்பு மாதம் ஆறும் காலத்தில் விழுந்தால், இன்சுலின் அளவை மாற்றாமல் நோன்பு வைக்க வேண்டாம் என்று மருத்துவரும் ஆலிமும் சேர்ந்தே சொல்வார்கள், கேட்டுக்கொள்ளுங்கள். வெற்றிலையோடு புகையிலை போடும் பழக்கம் இருந்தால், ஆபரேஷனுக்கு நான்கு வாரம் முன்பே முழுதாக விட வேண்டும். பீடி சிகரெட் மட்டும்தான் புகையிலை என்று நினைத்துப் பலர் இதைச் சொல்வதில்லை. கடற்கரை வெக்கையில் வயிற்று மடிப்புக்குள் படை இருந்தால் அதையும் களிம்பு போட்டு ஆற்றிவிட்டே மேசையில் ஏற்ற வேண்டும்.

எங்கே போவது என்று கேட்டால், உங்களுக்குப் பக்கம் சிதம்பரம் அண்ணாமலைநகரில் உள்ள கடலூர் மாவட்ட அரசு மருத்துவக் கல்லூரி. முதல் கட்டத்தை அங்கே செய்துகொள்வதில் குறை ஏதும் இல்லை. பக்கத் தசையை விடுவிக்கும் பெரிய வேலை தேவை என்று சிடி சொன்னால், புதுச்சேரி கோரிமேட்டில் உள்ள ஜிப்மர் மருத்துவமனையில் இரண்டாவது கருத்துக் கேளுங்கள். தமிழ்நாட்டு நோயாளிகளையும் அங்கே பார்க்கிறார்கள். எந்த மருத்துவமனையானாலும், 'இந்த வகை ஆபரேஷன் இங்கே அடிக்கடி நடக்கிறதா, திரும்பி வந்தவர்களை எத்தனை வருடம் தொடர்ந்து பார்க்கிறீர்கள்' என்று கேட்பதில் தவறில்லை. முதலமைச்சர் காப்பீட்டு அட்டை இருந்தால், அட்டையையும் சிடி அறிக்கையையும் எடுத்துக்கொண்டு மருத்துவமனையின் காப்பீட்டுப் பிரிவில் ஆபரேஷனுக்கு முன்பே அனுமதி வாங்குங்கள். வலையின் பெயரையும் அதற்கு வெளியே தனியாகப் பணம் கட்ட வேண்டுமா என்பதையும் எழுத்தில் கேளுங்கள். நாள் குறித்த பிறகு நடைபாதையில் நின்று பணம் புரட்டும் நிலை வரக் கூடாது.

இரண்டாம் கட்டம் முடிந்தபின் எட்டு வாரம் 5 கிலோவுக்கு மேல் தூக்கக் கூடாது. நிரம்பிய குடம் 12 முதல் 15 கிலோ இருக்கும். தண்ணீர் வேலையை வேறு யாராவது பார்க்கட்டும். இருமல் வந்தால் தலையணையை வயிற்றில் அணைத்துக்கொண்டு இருமச் சொல்லுங்கள். மலச்சிக்கல் கட்டாயம் கூடாது, முக்குவது தையலைத்தான் இழுக்கும். தொழுகையை நாற்காலியில் அமர்ந்து செய்யட்டும். சுஜூதுக்குக் குனிந்து எழுவதை மருத்துவர் அனுமதிக்கும்வரை தள்ளி வைக்கலாம். வயிற்றுப் பட்டை வலிக்கு இதமாக இருக்கும், ஆனால் அது ஹெர்னியாவைத் தடுக்காது. எது வைத்தாலும் அதன் பெட்டி ஸ்டிக்கர் இரண்டைக் கேட்டு வாங்கி, ஒன்றை டிஸ்சார்ஜ் சம்மரியிலும் மற்றொன்றை வீட்டுக் கோப்பிலும் ஒட்டிவையுங்கள்.